சொல்லிவிட்ட பிறகு பார்த்த படம்

நான் பயந்த சுபாவம் உள்ளவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மனிதக் குரலைப் படமாக்கி, அந்தப் படத்தைக் கண்ணால் படித்து, என்ன பேசப்பட்டது என்று சொல்வதுதான் என் தொழிலாக இருந்தது என்று கேள்விப்படுகிறவர்கள் என்னைப் பெரிய துப்பறியும் ஆளாக நினைத்துக்கொள்கிறார்கள். இடி முழங்கினால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடுகிறவள் நான். வாசலில் அறிமுகமில்லாத வாகனம் வந்து நின்றால் யன்னலைச் சாத்திவிடுவேன். இந்த லட்சணத்தில்தான் ஓய்வுபெறும் வயது வரைக்கும் வேலை பார்த்தேன்.

ஓய்வுபெற்று மட்டக்களப்பு அமிர்தகழியில் வீட்டோடு இருக்கும் என்னைப் போன மாதம் பழைய ஆய்வுகூடத்துக்கு அழைத்திருந்தார்கள். இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் நிரோஷா என்னிடம் வேலை பழகியவள். பேசுவதைக் கேட்டு அப்படியே எழுத்தாக்கும் புதிய கருவி ஒன்றை அவர்கள் பரீட்சித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காட்டுவதற்காக ஒலிவாங்கியைத் திறந்து வைத்துவிட்டு, அவள் தேநீர் எடுக்கப் போனாள். அறையில் நான் மட்டும்தான். நான் வாயைத் திறக்கவில்லை. மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து ஓட ஆரம்பித்தது. "நாளைய கூட்டம் வழமைபோல் நடைபெறும்" என்று பிழையில்லாத தமிழில் ஒரு வசனம் வந்து நின்றது.

நிரோஷா திரும்பி வந்து பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "அதுக்கு ஒண்டும் கேக்காட்டியும் சும்மா இருக்கத் தெரியா மிஸ். எதையாவது எழுதிப்போடும்" என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு நான் தேநீரைக் குடிக்காமல் திரையிலிருந்த வசனத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவள் சிரிப்பை நிறுத்தினாள். என்ன என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினால் நீளும் என்றேன். அப்படியென்றால் எழுதித் தாருங்கள் என்றாள். அதனால்தான் இது.

குரல்படம் என்று நாங்கள் சொல்வது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. நேரம் இடமிருந்து வலமாக ஓடும். கனத்த ஒலி கீழே, கீச்சொலி மேலே. எங்கே சத்தம் பலமாக இருக்கிறதோ அங்கே கறுப்பு விழும். ஒருவர் "ஆ" என்றால் இரண்டு கரும்பட்டைகள் நெருங்கி வந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கும். "ஈ" என்றால் ஒரு பட்டை அடியில் தங்கிவிட, மற்றது உயரப் போய்விடும். "ஸ்" என்பது மேலே ஒரு புகைமூட்டம். ப, த, க போன்றவற்றுக்கு உதடோ நாக்கோ காற்றை அடைக்கும் கணம் வெறும் வெள்ளையாக இருக்கும். அடைப்பு திறக்கும்போது மெல்லிய செங்குத்துக் கோடு ஒன்று விழும். முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு மழைக்குப் பிறகு சுண்ணாம்புச் சுவரில் படிந்த கறை மாதிரித்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பழகப் பழகக் கறை விலகி எழுத்து வந்தது. அந்தப் பழக்கக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண் எரிந்தது, தலை வலித்தது, சம்பளம் வந்தது.

ஆரம்பத்தில் எங்களிடம் கணினி இருக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து யாரோ கழித்துக் கொடுத்த பழைய இயந்திரம் ஒன்று இருந்தது. சுழலும் உருளையில் காகிதத்தைச் சுற்றிவிட்டால் ஒரு ஊசி காகிதத்தைச் சுட்டுச் சுட்டுப் படம் வரையும். அறை முழுக்கத் தீய்ந்த வாசம். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத காலம் அது. பாதிக் குரல் படமாகி நிற்கும்போது மின்சாரம் போனால் எல்லாம் மறுபடியும் முதலிலிருந்து.

அந்தக் காகிதச் சுருள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிப்பேன். ஒருநாள் சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள். இராணுவச் சிப்பாய் ஒருவர் சுருளை விரித்தார். கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்.

"இது என்ன?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"குரல்" என்றேன்.

"யார் குரல்?"

"என்னுடையது."

"என்ன சொன்னது?"

நான் பயிற்சிக்காக "அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பதிவு அது. அதைச் சொன்னேன். சொல்லிக் காட்டு என்றார். பின்னால் நீண்ட வரிசையில் சனங்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் நடுத்தெருவில் நின்று "அம்மா, அம்மா, அம்மா" என்று சொன்னேன். அவர் காகிதத்தையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். திருப்தி வந்ததோ இல்லையோ, போகவிட்டார். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கதவைத் தாளிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

எங்கள் பொறுப்பாளர் தேவராசன் சேர். கல்லடிக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு, எல்லோரும் அங்கே போக வழி தேடிய காலத்தில் இங்கே திரும்பி வந்தவர். குரலை உயர்த்தியதே கிடையாது. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். சரியாகப் படித்தாலும் "எப்பிடித் தெரிஞ்ச?" என்பார். பிழையாகப் படித்தாலும் அதே கேள்விதான், அதே குரலில். அவர் முகத்தைப் பார்த்து விடையைக் கண்டுபிடிக்க யாராலும் முடிந்ததில்லை.

அவருடைய திட்டம் பெரியது. குரல்படத்தைப் படிக்கிறவர் எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறார் என்பதை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, அதைக் கணினிக்கு விதிகளாகச் சொல்லிக்கொடுப்பது. படிக்கிற ஆட்கள் நானும் இன்னும் இருவரும். பதிவை நாங்கள் கேட்கக் கூடாது. யார் பேசியது, எதைப் பற்றியது என்றும் தெரியக் கூடாது. படத்தின்மேல் சேர் ஒரு காகித மட்டையை வைப்பார். மட்டையில் கத்தியால் வெட்டிய ஒரு சிறு வாசல் இருக்கும். அந்த வாசலுக்குள் தெரிகிற துண்டை மட்டும்தான் நாங்கள் பார்க்கலாம். பக்கத்தில் ஒலிநாடா ஓடிக்கொண்டிருக்கும். "என்ன எழுத்து?" என்று அவர் கேட்க மாட்டார். "என்ன தெரியுது?" என்றுதான் கேட்பார். "இரண்டாம் பட்டை மேல இருந்து கீழ வருது சேர். அதுக்குப் பிறகு வெள்ளை" என்று கண்ட கண்டபடி வாயால் சொல்ல வேண்டும். எழுத்தின் பெயர் கடைசியாகத்தான் வரவேண்டும். மட்டையைக் கொஞ்சம் நகர்த்துவார். மறுபடியும் "என்ன தெரியுது?" இப்படி ஒரு வசனத்துக்கு ஒரு பகல் போன நாட்களும் உண்டு. நாங்கள் சொன்னதையெல்லாம் நாடாவிலிருந்து எழுதியெடுத்து, அவரே இருந்து விதிகளாக்கிக் கணினிக்குள் ஏற்றினார்.

ஒருநாள் அவர் எங்களை ஏமாற்றினார். அபூர்வமாக அன்று மட்டும், படத்தைத் தருவதற்கு முன்பே, "இது ஒரு மீன்காரர் பேசினது. 'இறால் இண்டைக்கு விலை கூட' எண்டு சொல்றார்" என்று சொல்லிவிட்டுத் தந்தார். நாங்கள் மூவரும் தனித்தனியே படித்தோம். மூவருக்கும் இறால் தெரிந்தது. விலையும் தெரிந்தது. நான் ஒவ்வொரு பட்டையாகக் காட்டி நிரூபித்தேன். பிறகு அவர் பதிவைப் போட்டுக் காட்டினார். ஒரு பெண்பிள்ளை பாடசாலைக் கவிதை ஒன்றைப் பாராமல் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். பேச்சு அந்த நேரத்தில் பெய்த மழைச் சத்தத்தில் அரைகுறையாகக் கரைந்திருந்தது.

எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெக்கப்பட ஒண்டும் இல்ல. ஆருக்குச் சொன்னாலும் இதுதான் நடக்கும். படம் மங்கலா இருந்தா, காதில விழுந்தத கண் போய் எடுத்துக்கொண்டு வரும். இந்த வேலையில இத விடப் பெரிய ஆபத்து இல்ல" என்றார். அதனால்தான் அவருடைய கணினி நிரலில் ஒரு விதி எல்லா விதிகளுக்கும் மேலே இருந்தது. அடையாளங்கள் போதாவிட்டால் "தெரியாது" என்று எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போ. திட்டத்துக்குப் பண உதவி செய்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு தெரியாது வருகிறது, எதையாவது போட்டு நிரப்பலாமே என்று கேட்டார்கள். சேர் முடியாது என்றார். உதவி நின்றுபோனது. நிரல் ஒரு பழைய கணினிக்குள் தூங்கப் போனது. சேரும் ஓய்வுபெற்றார். நான் பொறுப்புக்கு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஜீப் வந்தது. எந்த ஊர்ப் பொலிஸ் என்று எழுதப்போவதில்லை. சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும், ஜீப் என்றால் எனக்கு ஜீப்தான். வந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், மரியாதையானவர், தமிழ் பேசுகிறவர். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டு விசயத்தைச் சொன்னார்.

செங்கலடிப் பக்கம் ஒரு அரிசி ஆலை. அங்கே உழவு இயந்திரம் ஓட்டிய சுதாகரன் என்ற சித்தாண்டிப் பையனை ஆலைக்காரர் வேலையால் நிறுத்திவிட்டார். அவனுடைய லைசன்ஸ் ஆலைக்காரரிடமே இருந்துவிட்டது. அதைக் கேட்டு அவன் தொலைபேசியில் பேசியிருக்கிறான். ஆலைக்காரரின் கைபேசி எல்லா அழைப்பையும் தானாகப் பதிவு செய்கிற வகை. அதற்கு அடுத்த கிழமை ஆலையின் நெல் களஞ்சியம் எரிந்தது. உள்ளே படுத்திருந்த காவலாளி கையிலும் முதுகிலும் தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். சுதாகரன் பொலிஸில் இருந்தான்.

"பேசினது அவன்தான். அத அவனே ஒத்துக்கொள்றான்" என்றார் இன்ஸ்பெக்டர். "என்ன சொன்ன எண்டதுதான் பிரச்சினை. ஆத்தங்கரையில நிண்டு பேசியிருக்கான். காத்து. நடுவில ஒரு மோட்டர் சைக்கிளும் போகுது. கொழும்புக்கு அனுப்பினா நாள் போகும். நீங்க ஒருக்காப் பாத்துச் சொன்னீங்க எண்டா எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும் மிஸ்."

பதிவை வாங்கிக்கொண்டேன். பார்க்கிறேன் என்றேன். அவர் எழுந்தார். கதவடியில் நின்று, ஒரு உதவி செய்கிற முகத்தோடு திரும்பினார்.

"உங்கட வேலய லேசாக்கித் தாறன் மிஸ். அந்த இடத்தில அவன் சொல்றது, 'நெல்லோட சேத்துக் கொளுத்துவன்' எண்டு."

பேசாதீர்கள் என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும். பொலிஸ்காரர் பேசும்போது கையைத் தூக்குகிற பரம்பரையில் நான் வரவில்லை. ஜீப் போய்விட்டது. வசனம் அறைக்குள் இருந்தது.

படத்தைத் திரையில் எடுத்தேன். தொடக்கம் தெளிவு. வணக்கம் சொல்கிறான், லைசன்ஸைக் கேட்கிறான். ஒரு பிள்ளைகூடப் படிக்கும். பிறகு மோட்டார் சைக்கிள் வருகிறது. படம் முழுக்கச் சாம்பல் நிறம் ஏறுகிறது. அந்தச் சாம்பலுக்குள் நான் நெல்லைக் கண்டேன். அது தானாக வந்தது. "கொளுத்துவன்" என்பதில் வரவேண்டிய வெள்ளை, அது முடியும் இடத்தில் செங்குத்துக் கோடு, பிறகு பட்டை கீழே இறங்குவது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. மட்டையை வைத்துப் பார்த்தேன். மட்டை வாசலுக்குள்ளும் அதே. கண்ணை மூடித் திறந்தேன். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து பார்த்தேன். அது போகவில்லை.

உண்மையாகவே அங்கே அது இருக்கிறதா, இன்ஸ்பெக்டர் வைத்துவிட்டுப் போனதைத்தான் நான் பார்க்கிறேனா என்று பிரித்தறிய என்னிடம் எந்த வழியும் இல்லை. நான் ஆம் என்று எழுதினால் ஒருவன் சிறைக்குப் போவான். இல்லை என்று எழுதினால் ஒரு களஞ்சியத்தை எரித்தவன் வீட்டுக்குப் போவான். இரண்டும் என் கண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. என் கண்ணோ என் சொல் கேட்காமல் இன்னொருவர் சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆய்வுகூட வாசலில் ஒரு பெண் நின்றாள். சுதாகரனின் அக்கா, வசந்தி. யார் சொல்லி என்னிடம் வந்தாள் என்று தெரியாது. சித்தாண்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை.

"என்ட தம்பி அப்பிடிச் சொல்லல்ல மிஸ். நான் பக்கத்தில நிண்டன்."

"தங்கச்சி, என்னட்ட ஒண்டும் சொல்லாதீங்க. சொன்னா நான் பார்க்கேலாமப் போயிரும்" என்றேன். எனக்கே விளங்காத மாதிரி இருந்தது நான் சொன்னது. அவளுக்கு எப்படி விளங்கும்?

"'நீங்க தராட்டி நான் கோயிலடியில வந்து நிப்பன்' எண்டுதான் சொன்னவன். ஆலைக்காரர் வெள்ளிக்கிழமையில முருகன் கோயிலுக்கு வாறவர். அங்க வந்து நாலு பேருக்கு முன்னால கேப்பன் எண்ட அருத்தத்தில சொன்னவன். வேற ஒண்டும் இல்ல மிஸ். அவன் கோவக்காரன்தான். ஆனா கொளுத்திற ஆள் இல்ல."

அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. அவள் போன பிறகு திரையைத் திறந்தேன். இப்போது சாம்பலுக்குள் கோயில் இருந்தது. "கோயிலடியில" என்பதில் வருகிற நீண்ட பட்டை, நடுவில் நாக்கு மடங்குகிற இடம், "நிப்பன்" என்பதில் உதடு மூடுகிற வெள்ளை, எல்லாம் ஒழுங்காக இருந்தன. நேற்று நெல் இருந்த அதே இடத்தில். "கொளுத்துவன்" என்று நினைத்துப் பார்த்தேன், நெல் திரும்பி வந்தது. "கோயில்" என்று நினைத்தேன், கோயில் வந்தது. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் ஓம் என்று வருகிற படம். எத்தனையோ வருடங்களாக நான் நம்பிச் சோறு உண்ட கண் இது. அன்றைக்குப் போல நான் என்னைக் கண்டு பயந்ததில்லை.

கல்லடிக்குத் தொலைபேசி எடுத்தேன். சேருக்குச் சுகமில்லாமல் இருந்த நேரம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் கேட்டார்.

"உங்களுக்கு முதல்லயே சொல்லிப்போட்டாங்க, அப்பிடியா?"

"ஓம் சேர். ரெண்டு பக்கமும் சொல்லிப்போட்டாங்க."

"அப்ப இந்தப் படத்துக்கு இனி உங்கட கண் உதவாது மிஸ். நீங்க பாக்கக் கூடாது. எனக்கும் இப்ப சொல்லிப்போட்டீங்க. நானும் பாக்கேலா." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஆருக்குச் சொல்லல்ல எண்டு யோசிச்சுப் பாருங்க."

மட்டக்களப்பு முழுக்க அப்படி ஒரு ஆள் இருந்தால்தானே! என்னோடு குரல்படம் படித்த இருவரும் வெளிநாடு போய் வருடங்கள் ஆகியிருந்தன; நிரோஷா அப்போது வேலைக்கே வந்திருக்கவில்லை. தொலைபேசியை வைத்த பிறகுதான் அலமாரிக்குக் கீழே கிடந்த பழைய கணினி என் கண்ணில் பட்டது. அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் இருந்ததும் என் கண்தான். யாரும் வந்து காதில் ஓதாத காலத்தில் நான் பார்த்த பார்வை.

அதை உயிர்ப்பிக்கப் பட்ட பாட்டைச் சொன்னால் நிரோஷாவின் ஆட்கள் சிரிப்பார்கள். திரை ஓரிடத்தில் வாங்கினேன், மின்வடம் இன்னோரிடத்தில் கடன் வாங்கினேன். பதிவை அதற்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுத்தேன். கணினி முனகிக்கொண்டு நெடுநேரம் யோசித்தது. நான் கதிரையின் கையைப் பிடித்தபடி இருந்தேன். நெல் வந்தாலும் பயம், கோயில் வந்தாலும் பயம்.

வரி வரியாக வந்தது. வணக்கத்தைப் படித்தது. லைசன்ஸைப் படித்தது, ஒரு எழுத்து மட்டும் பிழையாக. மோட்டார் சைக்கிள் வந்த இடத்தில் "தெரியாது" என்றது. அடுத்ததும் தெரியாது. அதற்கடுத்ததும். சாம்பல் முடிகிற வரைக்கும் தெரியாது, தெரியாது என்று திரை நிறைந்தது. சத்தம் விலகிய பிறகு அவன் "பாருங்க" என்று சொல்லி வைக்கிற இடத்தை ஒழுங்காகப் படித்துவிட்டு நின்றது.

எனக்கு அழுகை வந்தது. அங்கே எதுவும் இல்லை. குரல் அந்தச் சத்தத்துக்குள் மூழ்கிப்போய்விட்டது. நெல்லும் இல்லை, கோயிலும் இல்லை. படிக்க முடிகிற எதுவும் இல்லை. பழைய கணினி படித்தது என்று சொல்லி, நான் அறிக்கையில் அதைத்தான் எழுதினேன். குறிப்பிட்ட பகுதி படிக்கத்தக்கதாக இல்லை.

இன்ஸ்பெக்டர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மிஸ், நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. நீங்க தெரியா எண்டு எழுதி, அவன் வெளிய வந்து, திரும்ப எங்கயாவது கொளுத்தினா? அந்தக் காவலாளியப் போய் ஒருக்காப் பாத்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. பார்த்தால் என் கண் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான் சேர்" என்றேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

நீதிமன்றத்துக்கும் அழைத்தார்கள். கூண்டில் நிற்கும்போது சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஆலைக்காரரின் வழக்கறிஞர், கணினியை விடுங்கள், உங்கள் சொந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று கேட்டார். பொய் சொல்லவும் பயம், மெய் சொல்லவும் பயம். "எனக்கு முன்னரே சொல்லிவிட்டார்கள் ஐயா. சொன்ன பிறகு பார்த்ததால் சொன்னதுதான் தெரிந்தது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள், இரண்டும் தெரிந்தது" என்றேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. அதை ஒருமுறைக்கு இரண்டுமுறை என் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொண்டார். வேறு சாட்சி எதுவும் இருக்கவில்லை. சுதாகரனை விட்டுவிட்டார்கள். யார் தீ வைத்தது, தீ வைக்கப்பட்டதா, தானாகப் பிடித்ததா என்று கடைசிவரை தெரியவரவே இல்லை. காவலாளி குணமாகி ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு பல வருடங்கள் நான் புகைக்குப் பயந்தேன். அறுவடை முடிந்து வயல்வட்டையில் வைக்கோல் எரிக்கிற நாட்களில், பஸ் யன்னலுக்கு வெளியே வயல்வெளி முழுக்கப் புகை கிளம்பும். எல்லோருக்கும் அது வழக்கமான புகை. எனக்கு மட்டும், இது எங்கே எரிகிறது, யாருடைய களஞ்சியம், அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று நெஞ்சு அடிக்கும். ஒருமுறை நடத்துனரிடமே கேட்டுவிட்டேன். "வைக்கல் எரிக்கிறாங்க அக்கா, வேற என்ன?" என்றார் அவர்.

ஓய்வுபெற்ற பிறகு ஒருநாள் ஆஸ்பத்திரியில் கண் காட்டிவிட்டு, வீட்டுக்கு வர ஒரு ஓட்டோவை மறித்தேன். பாலம் தாண்டும்போது சாரதி தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார்.

"மிஸ், என்னத் தெரியுதா?"

நீதிமன்றத்தில் பார்த்ததைவிட உடம்பு வைத்திருந்தான். நரையும் விழுந்திருந்தது. சித்தாண்டிச் சுதாகரன். என் கை இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இறங்கலாம் என்றால் ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தது. சுகமா என்று கேட்டேன். சுகம் என்றான். கல்யாணம் முடித்துவிட்டதாகவும், ஓட்டோ சொந்தம் என்றும் சொன்னான். பாலம் முடிந்ததும் மறுபடியும் கண்ணாடிக்குள் பார்த்தான்.

"உங்களக் கண்டா ஒண்டு கேக்கணும் எண்டு கனகாலமா இருக்கன் மிஸ். பயப்படாதீங்க."

"கேளுங்க மனே" என்றேன், பயந்துகொண்டு.

"ஸ்டேசனில அத எனக்கு எத்தின தரம் சொன்னாங்க எண்டு கணக்கே இல்ல. காலையில சொல்லுவாங்க, பின்னேரம் சொல்லுவாங்க. நான் இல்ல இல்ல எண்டுதான் சொன்ன. அடி வாங்கியும் இல்ல எண்டுதான் சொன்ன. அப்ப நான் என்ன பேசின எண்டு எனக்கு நல்லா ஞாபகம் இருந்த." வளைவொன்றில் வேகத்தைக் குறைத்தான். "வெளிய வந்த மறுகா அது போயிட்டு மிஸ். இப்ப படுத்தா, ஆத்தங்கரையில நிக்கிறன், காத்து அடிக்குது, மோட்டர் சைக்கிள் போகுது, நான் கொளுத்துவன் எண்டு சொல்றன். என்ட குரலில அப்பிடியே கேக்குது. அக்கா கோயிலடியில நிப்பன் எண்டு சொன்னாய் எண்டு சொல்றா. அத நினைச்சா அதுவும் கேக்குது. எது நான் சொன்ன எண்டு எனக்குத் தெரியுதில்ல."

எனக்கு நேர்ந்தது இவனுக்கும் நேர்ந்திருக்கிறது. என் தொழிலில் அதைக் கண்டு ஒதுங்கச் சொல்ல எனக்கு ஒரு சேர் இருந்தார். இவனுக்கு யாரும் இருக்கவில்லை.

"நீங்கதானே படம் பாத்த மிஸ். கோர்ட்டில சும்மா தெரியா எண்டு சொல்லி என்னக் காப்பாத்தின எண்டு எனக்கு விளங்கும். அதுக்கு நான் சாகும்வரைக்கும் நன்றி உள்ளவன். இப்ப இதில நாங்க ரெண்டு பேரும்தான். ஆருக்கும் சொல்லமாட்டன். உண்மையச் சொல்லுங்க. நான் அதச் சொன்னனா?"

"மனே," என்றேன். "நான் அங்க சொன்னதுதான் உண்ம. எனக்குத் தெரியா."

அவன் ஓட்டோவை ஓரமாக்கி நிறுத்தினான். இயந்திரத்தையும் நிறுத்தினான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும் எண்டு நம்பித்தான் மிஸ் நான் இவ்வளவு நாளும் இருந்த" என்றான்.